டிடிஎஸ் மீட்டர் சொல்லாதது: பாலக்கோட்டில் வீட்டுத் தண்ணீரை அளந்த அனுபவம்

தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி விற்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வித்தையைத்தான் காட்டுகிறார்கள். இரண்டு கண்ணாடி டம்ளர்கள். ஒன்றில் நம் வீட்டுத் தண்ணீர், மற்றொன்றில் அவர்கள் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். இரண்டிலும் கம்பிகளை இறக்கி மின்சாரம் கொடுத்தால், சற்று நேரத்தில் நம் தண்ணீர் பச்சையும் பழுப்புமாகக் குழம்பி, மேலே அழுக்கு நுரை கட்டும். அவர்களுடைய தண்ணீர் தெளிவாக நிற்கும். “இதைத்தான் சார் இத்தனை வருடமாகக் குடிக்கிறீர்கள்” என்று ஒரு வசனம் வேறு.

எங்கள் வீட்டுக்கும் ஒருவர் வந்தார். அந்தக் குழம்பல் தண்ணீரில் இருந்த அழுக்கு அல்ல, கம்பியிலிருந்து வந்த இரும்பு. மின்சாரம் பாயும்போது இரும்புக் கம்பி கரைந்து ஹைட்ராக்சைடாக மிதக்கிறது. உப்புகள் கரைந்த தண்ணீரில் மின்சாரம் ஓடும், கம்பி கரையும். உப்பு நீக்கிய தண்ணீரில் அவ்வளவாக ஓடாது, கம்பியும் கரையாது. அவருடைய டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டு மறுபடி கம்பியை இறக்கச் சொன்னேன். மனிதர் பெட்டியை மூடிவிட்டுக் கிளம்பிவிட்டார். போகும்போது, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் ஒரு டிடிஎஸ் மீட்டரை இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போனார் என்பதையும் சொல்ல வேண்டும். அதுதான் இந்த வேலையெல்லாம் தொடங்கக் காரணம்.

வித்தை பொய் என்பதால் எங்கள் தண்ணீர் நல்லது என்று ஆகிவிடாது. பாலக்கோடு தர்மபுரி மாவட்டத்தில் இருக்கிறது. தக்காளிச் சந்தைக்குப் பேர்போன ஊர். தரைக்கு அடியில் கெட்டியான பாறை, மேலடுக்கில் ஆங்காங்கே சுக்கான் கல். பாறை வெடிப்புகளுக்குள் ஊறித் தங்கும் தண்ணீர்தான் ஆழ்துளைக் கிணற்றில் வருகிறது. எவ்வளவு காலம் தங்குகிறதோ அவ்வளவுக்குப் பாறையைக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. வீட்டுக்கு இரண்டு தண்ணீர் வருகிறது. தெருக் குழாயில் முறை வைத்து வருவது ஒகேனக்கல் காவிரித் தண்ணீர்; ‘நல்ல தண்ணீர்’ என்றால் அதுதான். மற்றது எங்கள் சொந்த போர் தண்ணீர். இது ‘உப்புத் தண்ணீர்’.

உப்புத் தண்ணீர் செய்த வேலைகளைத் தமிழ்நாட்டில் பாதி வீடுகளுக்கு விளக்கத் தேவையில்லை. ஷவரில் பாதித் துளைகள் அடைத்துப்போய், மீதி வழியாகத் தண்ணீர் சுவரைப் பார்த்துப் பீய்ச்சும். எவர்சில்வர் குடம் காய்ந்தால் வெள்ளை பூக்கும். வாஷிங் மெஷினில் போட்ட துண்டு விறைத்துக்கொண்டு வெளியே வரும். துவரம்பருப்பு எத்தனை விசில் வைத்தாலும் முழுசாகக் கிடக்கும். பருப்பின் செல் சுவரில் உள்ள பெக்டினைக் கால்சியம் இறுக்கிப் பிடித்துக்கொள்வதால்தான் அது குழைவதில்லை. சாதம் லேசாக மஞ்சளடிக்கும், அதற்குக் காரணம் தண்ணீரின் காரத்தன்மை.

மீட்டரை நனைத்துப் பார்த்தேன். காவிரித் தண்ணீரில் லிட்டருக்கு 240 மில்லிகிராம், போர் தண்ணீரில் 980. இந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசித்தால் ஒன்றுமே செய்ய முடியாது. அந்தக் கருவி அளப்பது மின்கடத்தலை மட்டும்தான். அதை ஒரு மாறிலியால் பெருக்கி ‘கரைந்த உப்பு இவ்வளவு’ என்று காட்டுகிறது. 980 என்பது பெரும்பாலும் சமையல் உப்பாக இருக்கலாம், கால்சியம் பைகார்பனேட்டாக இருக்கலாம், இரண்டின் கலவையாகவும் இருக்கலாம். முதலாவது கீசரில் படியாது. இரண்டாவது கீசரைத் தின்றுவிடும். மீட்டருக்கு இரண்டும் ஒன்றுதான்.

கடினத்தன்மை என்பது கால்சியமும் மெக்னீசியமும். அதைத் தனியாக அளக்கக் கல்லூரி ஆய்வகங்களில் செய்யும் இ.டி.டி.ஏ. தரம்பார்த்தல் முறையைத் தேர்ந்தெடுத்தேன். கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும் இ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளை, நிறம் மாறும்வரை சொட்டுச் சொட்டாக விட்டு, எவ்வளவு செலவானது என்று பார்ப்பதுதான் அது. வேதியியல் ஆசிரியராக இருக்கும் நண்பரிடம் ஒரு ப்யூரெட்டும் (அளவுக் கோடுகளும் அடியில் திருகும் உள்ள கண்ணாடிக் குழாய்) ஸ்டாண்டும் கடன் வாங்கினேன். இ.டி.டி.ஏ. டைசோடியம் உப்பு, காரத்தன்மையை ஒரே நிலையில் வைத்திருக்கும் அமோனியா பஃபர் கரைசல், எரியோக்ரோம் பிளாக் டி என்னும் நிறங்காட்டி ஆகிய மூன்றும் பள்ளி ஆய்வகப் பொருள்கள் விற்கும் கடையில் கிடைத்தன. இ.டி.டி.ஏ. உப்பு 3.72 கிராம் எடுத்து, காய்ச்சி வடித்த நீரில் கரைத்து ஒரு லிட்டராக்கினால் 0.01 மோலார் கரைசல். அதில் ஒரு மில்லிலிட்டர், ஒரு மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். கணக்கு இவ்வளவு சுலபமாக அமைந்ததற்கே இந்த முறையைக் கும்பிடலாம்.

சமையல் மேடையில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்தேன், அமோனியா நெடி மூக்கைப் பிளக்கும். குடுவையில் 50 மில்லிலிட்டர் காவிரித் தண்ணீர், ஒரு மில்லிலிட்டர் பஃபர், ஒரு சிட்டிகை நிறங்காட்டிப் பொடி. நிறங்காட்டியை உப்போடு சேர்த்து அரைத்த பொடியாக வாங்குவது நல்லது, கரைசலாக வாங்கினால் சீக்கிரம் கெட்டுப்போகிறது. போட்டவுடன் தண்ணீர் நாவல்பழம் தின்ற நாக்கின் நிறத்துக்கு மாறியது. ப்யூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக இ.டி.டி.ஏ.யை விட்டுக் குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருந்தேன். சிவப்பு மங்கி ஊதாவாகி, அந்த ஊதா சற்று நேரம் தயங்கி நிற்கிறது. அப்போது பொறுமை வேண்டும். ஒவ்வொரு சொட்டுக்கும் சில விநாடி விட வேண்டும், நிறம் மாறுவது மெதுவாகத்தான் நடக்கும். கடைசிச் சொட்டில் சிவப்பின் சாயல் முழுவதும் போய்த் தெளிந்த நீலம் வந்தது. வீட்டம்மா அடுப்பை விட்டுவிட்டு வந்து பார்த்தாள்.

காவிரித் தண்ணீருக்கு 6.8 மில்லிலிட்டர் செலவானது. 20 ஆல் பெருக்கினால் லிட்டருக்கு 136 மில்லிகிராம். போர் தண்ணீரில் 25 மில்லிலிட்டர் மட்டும் எடுத்து, காய்ச்சி வடித்த நீர் சேர்த்து 50 ஆக்கிக்கொண்டேன். அதற்கே 14.2 மில்லிலிட்டர் குடித்தது. 40 ஆல் பெருக்க 568. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500, 2012 பதிப்பின்படி மொத்தக் கடினத்தன்மை 200 வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 600 வரை அனுமதி. ஆக எங்கள் போர் தண்ணீர் விதியின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருக்கிறது. காவிரித் தண்ணீருக்கு ஆர்.ஓ. வைப்பது வீண் செலவு, ஒரு லிட்டர் குடிக்க இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடையில் விடும் வேலை.

அடுத்த கேள்விதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. இந்த 568இல் எவ்வளவு காய்ச்சினால் போகும், எவ்வளவு போகாது? பைகார்பனேட்டாக இருப்பது சூட்டில் உடைந்து கார்பனேட்டாகப் படிந்துவிடும். இதுதான் தற்காலிகக் கடினத்தன்மை. சல்பேட்டாகவும் குளோரைடாகவும் இருப்பது எவ்வளவு கொதித்தாலும் அசையாது. அளந்த போர் தண்ணீரைக் கால் மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட்டு, ஆறவைத்து, வடிதாளில் வடித்தேன். கொதிக்கும்போது ஆவியாகிப் போன அளவுக்குக் காய்ச்சி வடித்த நீரை ஊற்றிப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் மிஞ்சிய உப்பு செறிந்து எண்ணைக் கெடுத்துவிடும். பிறகு அளந்தால் 244. போன 324, பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் பொடியாக ஒட்டியிருந்தது. மீட்டரில் 660. பாதிக்கு மேற்பட்ட கடினத்தன்மை சூட்டில் படியக்கூடியது என்றால், கீசருக்குள் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

கீசரைத் திறந்தேன். முதலில் போர்டிலேயே அதற்குரிய எம்.சி.பி.யை (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சை) இறக்கிவிட்டு, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மூடியைக் கழற்ற வேண்டும். குளியலறைச் சுவிட்சை மட்டும் நம்பக் கூடாது. தண்ணீரை வடித்துவிட்டு அடித்தட்டின் நட்டுகளைக் கழற்றினால், ஹீட்டர் கம்பி வெளியே வரவே மறுத்தது. கம்பியின் மேல் படிந்த காரை துவாரத்தை விடத் தடித்துப்போயிருந்தது. மரக்கட்டையால் மெல்லத் தட்டி உதிர்த்த பிறகுதான் வெளியே எடுக்க முடிந்தது. ஒரு துண்டை உடைத்துப் பார்த்தேன். வெள்ளையும் சாம்பலும் பழுப்புமாக அடுக்கடுக்காக, கம்பியை ஒட்டிய பக்கம் கண்ணாடி வழவழப்பு. மேலே வினிகர் விட்டால் சுறுசுறுவென்று பொங்கியது. பொங்கினால் கார்பனேட், அமிலத்தில் கரைந்துவிடும். பொங்காமல் கிடந்தால் சல்பேட்டோ சிலிக்காவோ, அதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

கூடவே இருக்கும் மெக்னீசியம் தண்டையும் பாருங்கள். தொட்டியின் இரும்பு அரிக்காமல் தானே அரிபட்டுத் தீருவதுதான் அதன் வேலை. எங்களுடையதில் நடுக்கம்பி மட்டும்தான் மிச்சம் இருந்தது. பழுது பார்க்க வருகிற பலர் இதைச் சொல்வதே இல்லை, ஹீட்டர் கம்பியை மாற்றிவிட்டுப் போய்விடுகிறார்கள். புதுத் தண்டு போட்டேன்.

காரை கரைக்க மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் அமிலமே போதும். லிட்டருக்கு 100 கிராம், கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில். கொதிக்கும் தண்ணீரில் போட்டால் வேலை விரைவாக நடக்கும் என்று சிலர் எழுதுகிறார்கள். கால்சியம் சிட்ரேட் சூடு ஏற ஏறக் கரைவது குறையும் உப்பு. கொதிக்க வைத்தால் பழைய படிவு போய்ப் புதிய வெள்ளைப் படிவு வந்து உட்காரும். கழிப்பறை கழுவும் ஆசிடை எடுக்காதீர்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் காரையைக் கரைத்துவிட்டு எவர்சில்வரையும் அரிக்கும். பக்கத்தில் பிளீச்சிங் பவுடர் கரைசல் இருந்து இரண்டும் கலந்துவிட்டால் குளோரின் வாயு வரும், அடைத்த குளியலறையில் அது விளையாட்டல்ல. எல்லாம் மாட்டி முடித்தபின் கீசரின் வெப்பத்தை 50 டிகிரிக்குக் குறைத்து வைத்தேன். பைகார்பனேட் உடைவது சூட்டோடு வேகமெடுக்கும் என்பதால், இந்தத் திருகலுக்கே பலன் உண்டு.

ஆனாலும் மூலத்தில் 568 இருக்கும்வரை இது தீராத வேலை. குளியலறைக்கும் வாஷிங் மெஷினுக்கும் போகும் குழாயில் ஒரு சிறிய மென்னீராக்கி மாட்ட முடிவு செய்தேன். உள்ளே ரெசின் மணிகள். கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடுகின்றன. விற்பனைத் தாளில் ‘ஐவர் குடும்பத்துக்குப் போதும்’ என்று எழுதியிருப்பார்கள். அதை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் ரெசின் சுமார் 50 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், 10 லிட்டர் ரெசினுக்கு 500 கிராம். எங்கள் தண்ணீரில் அது 880 லிட்டருக்குள் நிரம்பிவிடும். நான்கு பேர் உள்ள வீட்டில் குளியலும் துணியும் சேர்ந்து மூன்று நாள்கூட வராது. அதனால் ஒற்றைக் குளியலறையும் மெஷினும் தவிர வேறெதையும் அதில் கோக்கவில்லை. தோட்டக் குழாய், கழிப்பறை, மாடி கழுவும் குழாய் எல்லாம் பழைய உப்புத் தண்ணீரே.

பிளம்பிங் வேலைக்கு வந்த தம்பி எல்லாவற்றையும் பொருத்திவிட்டு மீட்டரை நனைத்துப் பார்த்தான். “அண்ணா, எண் குறையவே இல்லையே, ரெசின் மோசம் போலிருக்கிறது” என்றான். எண் கிட்டத்தட்ட அப்படியே நிற்கத்தான் செய்யும், போன இடத்தில் சோடியம் வந்து உட்கார்ந்துவிட்டதே. வெளியே வரும் தண்ணீரில் கொஞ்சம் பிடித்து, பஃபரும் நிறங்காட்டியும் போட்டுக் காட்டினேன். இ.டி.டி.ஏ. ஒரு சொட்டுக்கூட விடாமலே நீலம். பிடிக்கக் கால்சியமும் மெக்னீசியமும் இல்லாவிட்டால் நிறங்காட்டி நீலமாகவே நிற்கும். தம்பி அந்தப் பொடியில் கொஞ்சம் மடித்து வாங்கிக்கொண்டு போனான், இன்னொரு வீட்டில் இதே புகார் இருக்கிறதாம்.

ரெசின் நிரம்பியதும் உப்புக் கரைசலால் கழுவ வேண்டும். முதலில் எதிர்த்திசையில் தண்ணீர் விட்டு மணிகளைக் கிளறி அழுக்கை வெளியேற்றுவது, பிறகு 10 லிட்டருக்குச் சுமார் ஒன்றரைக் கிலோ உப்பைக் கரைத்து மிக மெதுவாக உள்ளே விடுவது, கடைசியில் உப்புச் சுவை போகும்வரை அலசுவது. சந்தையில் வரும் கல் உப்பில் மண்ணும் மெக்னீசியமும் இருக்கும், சுத்திகரித்த உப்பே நல்லது. கழிவாக வரும் கரைசலைத் தென்னை மரத்தடியில் விடாதீர்கள். மென்னீராக்கிய தண்ணீரைக் குடிக்கவும் வேண்டாம். ஒவ்வொரு 100 மில்லிகிராம் கடினத்தன்மைக்கும் 46 மில்லிகிராம் சோடியம் ஏறுகிறது, எங்கள் தண்ணீரில் அது லிட்டருக்கு 260ஐத் தாண்டும். ரத்த அழுத்தக்காரர் வீட்டில் இருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் குடுவையும் கையுமாக இருப்பதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு அக்கா ஒரு பாட்டில் தண்ணீரோடு வந்தார். “உன் தண்ணீரை ஏன் தம்பி பார்த்துக்கொண்டிருக்கிறாய், எங்கள் போரில் சோப்பு எப்படி நுரைக்கிறது தெரியுமா? காவிரி வராத நாளில் அதைத்தான் குடிக்கிறோம்.” அவர்களுடைய கிணறு எங்களுடையதை விட ஆழம். அளந்தேன். கடினத்தன்மை 150கூட இல்லை. அக்காவுக்கு முகம் மலர்ந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் மீட்டரில் 800க்கு மேல் இருந்தது. அவ்வளவு உப்பில் கால்சியம் இவ்வளவு குறைவு என்றால் மீதி பெரும்பாலும் சோடியம் உப்புகள், அதில் பைகார்பனேட் அதிகமாக இருக்கலாம். எங்கள் மாவட்டப் பாறைகளில் புளோரைடு கரைந்து வர ஏற்ற தண்ணீர் அப்படிப்பட்டதுதான். கால்சியம் நிறைந்த தண்ணீரில் புளோரைடு, கால்சியம் புளோரைடாகப் படிந்து ஓரளவு அடங்கிவிடும். கால்சியம் இல்லாத இடத்தில் அதைப் பிடித்து நிறுத்த ஆளில்லை.

தர்மபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை ஏறிய ஒரு தலைமுறையே இங்கே இருக்கிறது. ஜப்பான் நிதியுதவியோடு கட்டி 2013இல் திறந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே புளோரோசிஸ் (புளோரைடு மிகுந்து பல்லையும் எலும்பையும் கெடுக்கும் நோய்) தடுப்பும் சேர்ந்திருக்கிறது. புளோரைடு பார்க்கும் களப்பரிசோதனைப் பெட்டி ஒன்றை நண்பர் வைத்திருந்தார். சிவப்புச் சாயம், புளோரைடு கூடக் கூட வெளிறி மஞ்சளாகும். அக்காவின் தண்ணீர் விட்டவுடன் மஞ்சள், அட்டையில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட கட்டத்தில் நின்றது. எங்களுடையது ஒன்றுக்குச் சற்று மேல். தர விதியில் 1.0 ஏற்கத்தக்கது, 1.5 உச்சவரம்பு. நிறத்தைக் கண்ணால் ஒப்பிடுவதில் வித்தியாசம் வரும் என்பதால், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிக் கொடுத்தோம். அங்கும் வரம்புக்கு மேல்தான்.

காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடுமா என்று அக்கா கேட்டார். காய்ச்சினால் தண்ணீர் ஆவியாகி மீதியில் புளோரைடு இன்னும் கூடும். என் மென்னீராக்கியும் அதைத் தொடாது. பானையில் தேற்றாங்கொட்டை உரசிப் போடுவது கலங்கலைத் தெளியவைக்கும், கரைந்ததை எடுக்காது. ஆர்.ஓ. எடுக்கும், ஆக்டிவேட்டட் அலுமினா வடிகட்டி எடுக்கும், படிகாரமும் சுண்ணாம்பும் சேர்க்கும் நல்கொண்டா முறையும் உண்டு, ஆனால் அதை அளவோடு செய்ய ஓர் ஆள் வேண்டும். கதவருகில் காவிரித் தண்ணீர் வரும்போது இதெல்லாம் எதற்கு? தேவை சேமித்து வைக்க ஒரு தொட்டி. அக்காவின் போர் தண்ணீரில் குளிப்பதிலும் துவைப்பதிலும் பயமில்லை. குடிப்பதும் சமைப்பதும்தான் கூடாது.

சேமிப்பில்தான் இரண்டு வீட்டிலும் கோளாறு இருந்தது. காவிரித் தண்ணீரும் போர் தண்ணீரும் கீழே ஒரே தொட்டியில் விழுந்து, கலந்து மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தன. குடிக்கத் தெருக் குழாயில் நேராகக் குடம் பிடித்தாலும், சமையலறைக் குழாயில் வந்தது கலவைதான். தம்பியை மறுபடி அழைத்தோம். இரண்டு வீட்டிலும் காவிரிக்கென்று மூடியுள்ள தனித்தொட்டி, அதிலிருந்து சமையலறைக்கு மட்டும் தனிக்குழாய். சேமித்த தண்ணீரில் குளோரின் சீக்கிரம் போய்விடும் என்பதால் பெரிய தொட்டி வைக்கவில்லை, அடுத்த முறை வரும்வரை தாங்கினால் போதும். காவிரி வராத நாளில் துலக்கவாவது ஆகட்டும் என்று சமையலறைக்குப் போர் தண்ணீரிலிருந்து ஒரு மாற்று இணைப்பை மட்டும் விட்டு, நடுவில் ஒருவழி வால்வு போட்டோம்.

ஒருவழி வால்வுகள் உப்புத் தண்ணீரில் காரை பிடித்துச் சரியாக மூடாமல் போகும். அது கசிந்தால் வெளியே தெரியாது. ஆகவே மாதம் ஒருமுறை சமையலறைக் குழாயில் 50 மில்லிலிட்டர் பிடித்து இ.டி.டி.ஏ. விடுகிறேன். ஏழு மில்லிலிட்டருக்குள் நீலமானால் வருவது காவிரி மட்டும். பத்தைத் தாண்டினால் வால்வைக் கழற்றி எலுமிச்சை உப்பில் ஊறப்போட வேண்டும். அக்கா வீட்டில் இந்த வழி செல்லாது, இரண்டு தண்ணீரின் கடினத்தன்மையும் ஏறத்தாழ ஒன்றுதான். அங்கே மட்டும் அந்த இலவச டிடிஎஸ் மீட்டர் வேலைக்கு ஆகிறது. 240 பக்கம் நின்றால் சரி. 300ஐத் தாண்டினால் வால்வைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, மீட்டரை அக்காவிடமே கொடுத்துவிட்டேன்.